எக்கோ சிஸ்டர்

எங்கள் பக்கத்தில் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் ஒன்று உண்டு. "ஒண்ணும் ஆகாது." லோடு ஆட்டோவில் ஆள்மேல் ஆளாக ஏற்றும்போதும் அதுதான். பட்டாசுக் கம்பெனியில் ஓர் அறைக்கு அனுமதித்ததைவிட ஒரு மூட்டை கூடுதலாக உள்ளே போகும்போதும் அதுதான். பிள்ளை காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடந்தாலும் அதுதான். தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அந்த வார்த்தையை வாயில் எடுக்காமல் இருந்த ஒரே ஆள் சிஸ்டர்.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி இல்லை. சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சூலக்கரைப் பக்கம் வீடு. கணவர் பள்ளிக்கூட வாத்தியார், அதிகம் பேசமாட்டார். நாங்கள் போனால் டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்ப் பேப்பர் திருத்துவார். ஞாயிறு காலை சர்ச்சில் கிடார் வாசித்த சிஸ்டர், கல்யாணம், கோயில் பொங்கல் என்று வந்துவிட்டால் எங்கள் மெல்லிசைக் குழுவில் லீட் கிடார். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, முந்தானையை இடுப்பில் செருகி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கிடாரை மடியில் வைப்பதைப் பார்க்கவே காரியாபட்டி வரைக்கும் கூட்டம் கூடும். முதல் பாட்டு முடிவதற்குள் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அதற்குப் பாதிக் காரணம் அவர் விரல். மீதிப் பாதி அவர் காலடியில் இருந்த பெட்டி.

அது டேப் எக்கோ. ஜப்பான் சரக்கு. மதுரையில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் தொழிலை விட்டபோது சிஸ்டர் வாங்கி வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு துண்டு டேப், இரண்டு முனையும் சேர்த்து ஒட்டப்பட்டு, வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கிடாரின் சத்தத்தை 'ஹெட்' என்கிற சின்னக் காந்த முனை ஒன்று அந்த டேப்பில் பதியும். அடுத்தடுத்து நிற்கும் ஹெட்டுகள் கொஞ்சம் தாமதித்து அதைத் திருப்பிச் சொல்லும். கடைசியில் ஒரு ஹெட் எல்லாவற்றையும் அழித்துவிடும். ஒரு கம்பியைச் சுண்டினால் போதும், மலையில் மோதித் திரும்பியதுபோல அந்தச் சுருதி மங்கி மங்கி வந்துகொண்டிருக்கும்.

ஓடுகிற டேப் தேயும். தேய்ந்தது பழுப்புத் தூளாக உதிர்ந்து ஹெட்டில் படியும். படிந்தால் எக்கோ, போர்வைக்குள்ளிருந்து பேசுகிற ஆள் குரல் மாதிரி ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு புரோகிராமுக்கு முன்னாலும் சிஸ்டர் பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். முதலில் குனிந்து மோந்து பார்ப்பார். மோட்டார் சூடு கண்டிருந்தால் வாசனை வந்துவிடுமாம். பிறகு மெடிக்கல் ஷாப்பில் காசு கொடுத்து வாங்கிய ஸ்பிரிட். ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டை ஒரு சொட்டும் எடுக்கமாட்டார். குச்சியில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, புண்ணைத் துடைப்பதுபோல ஒரே திசையில் துடைப்பார். துடைத்த பஞ்சை உடனே போடமாட்டார். டியூப்லைட் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அறுந்த டேப்பை ஆபரேஷன் பிளேடால் சாய்வாக வெட்டித்தான் ஒட்டுவார். நேராக வெட்டினால், ஒட்டுப் போட்ட இடம் ஹெட்டைத் தாண்டும்போதெல்லாம் 'டொக்' என்று கேட்கும் என்பார்.

குழுவை நடத்தியவர் விருதுநகரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்த பாய். இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாக் குழுவிலும் டிஜிட்டல் பெட்டி வந்துவிட்டது என்று அவரும் உள்ளங்கை அகலத்தில் ஒன்று வாங்கி வந்து சிஸ்டர் முன்னால் வைத்தார். துடைக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம். சிஸ்டர் ஒரு வாரம் அதில் வாசித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு பாய். குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா இது கெட்டா ஒரே அடியாக் கெடும். என்னோடது கெடுறதுக்கு முன்னால சொல்லும்."

"கெடும் கெடும்னே பேசுறீகளே சிஸ்டர், வாய் கூசாதா?"

"கெடாத மெஷின நீங்க எங்கன பாத்தீக?"

காரியாபட்டியில் ஒரு கல்யாணம். பெண்ணின் தகப்பனார் மரியாதைக்காக மேடைப் பக்கம் வந்து, எல்லாம் நல்லபடியா நடக்குமில்ல என்று பொதுவாகக் கேட்டார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். சிஸ்டர் மட்டும், டேப் பழசு, பாதியில் அறுந்தாலும் அறுந்துவிடும், அறுந்தால் மாற்ற ஒரு பாட்டு நேரம் பிடிக்கும், அதுவரைக்கும் கீபோர்டுக்காரர் சமாளிப்பார் என்று விளக்கமாகச் சொன்னார். பாய் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்கு டேப் அறுந்துபோகவே இல்லை. ஆனால் அந்த மனிதர் வரிசையில் வந்தவர்களை வரவேற்பதை விட்டுவிட்டு, கடைசிப் பாட்டு வரை பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். கிளம்பும்போது, "என் மக கல்யாணத்துல நான் ஒரு பாட்டுக்கூடக் கேக்கல" என்று பாயிடம் குறைபட்டுக்கொண்டார்.

சிஸ்டரிடம் சொன்னோம். "அறுந்திருந்தா என்ன நெனச்சிருப்பாரு?" என்று கேட்டுவிட்டு கிடாரை உறையில் போட்டார்.

இதனால் அவர் பயந்த சுபாவக்காரர் என்று நினைக்கக் கூடாது. புரோகிராம் முடிந்து விருதுநகர் வந்தால் குழுவாக எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடப் போவோம். முதல் வாய் வைப்பதற்கு முன், "நாளைக்குக் காலைல நெஞ்சு கரிக்கும்" என்பார். சொல்லிவிட்டு எங்களைவிட ஒன்று கூடுதலாகச் சாப்பிடுவார். அவருக்கு வேண்டியது, ஆகப்போவது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கீபோர்டுக்காரர் பகலில் சிவகாசியில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறவர். ஒரு தடவை சிஸ்டர் டியூட்டியிலிருந்து வரத் தாமதமாகும் என்று தெரிந்து, உதவி செய்கிறேன் பேர்வழி என்று பெட்டியைத் தானே துடைத்துவைத்தார். டேப்பை இழுத்து ஓட்ட அதில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு ரப்பர் உருளை உண்டு. அதற்கு ஸ்பிரிட் போதாது என்று நினைத்து, பிரஸ்ஸில் ரோலர் கழுவுகிற 'வாஷ்' திரவத்தைப் பாட்டிலில் கொண்டுவந்து கழுவிவிட்டார். ஆள் உயர ரப்பர் ரோலரையே தினமும் அதில்தான் கழுவுகிறார்கள். இத்தனூண்டு ரப்பருக்கு என்ன வந்துவிடப்போகிறது? உருளை ஊறி உப்பி, பிசுபிசுத்துவிட்டது. எக்கோ தண்ணீருக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி நெளிந்தது. மனிதர் அழாத குறை.

சிஸ்டர் நகத்தால் உருளையை அமுக்கிப் பார்த்தார். "செத்துருச்சு" என்றார். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "அந்த ரப்பர் வேற, இந்த ரப்பர் வேற. தெரியாம இருந்துச்சு, இப்பத் தெரிஞ்சிருச்சு. வாங்க, வாசிப்போம்" என்றார். அன்று மாலை ஒரே ஒரு சோகப் பாட்டுக்கு மட்டும் எக்கோவைத் திறந்துவிட்டார். அந்த நெளிவு பாட்டோடு சேர்ந்து அழுதது. அது என்ன புது வாத்தியம் என்று கீழேயிருந்து ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் பிரஸ் ரோலருக்கு ரப்பர் பிடிக்கிற கடையில் கீபோர்டுக்காரரே போய் நின்று, கடைக்காரர் சிரிக்கச் சிரிக்க, அந்தக் குட்டி உருளைக்குப் புது ரப்பர் பிடித்து வந்தார்.

ஆஸ்பத்திரியிலும் அவர் இப்படித்தான். எங்கள் ஊர் ஆமத்தூர்க்காரர் ஒருவர் அங்கே முடியாமல் கிடந்தார். அவர் சம்சாரம் கேட்டதற்கு டாக்டர் பாத்துக்கலாம் என்றார், ஆயா ஒண்ணும் ஆகாதும்மா என்றாள். சிஸ்டர், "தாண்டலாம், தாண்டாமலும் போகலாம். மகன் வெளியூர்ல இருந்தா வரச் சொல்லிருங்க" என்றார். அந்தம்மா சிஸ்டரைத் திட்டிக்கொண்டேதான் திருப்பூருக்குப் போன் போட்டார். மகன் வந்து, தகப்பன் கண்ணை மூடுவதற்கு முன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்க முடிந்தது. அதன் பிறகும் அந்தம்மா சிஸ்டரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் சொந்தத்தில் யாரையாவது அங்கே சேர்த்தால், சிஸ்டர் எப்ப டியூட்டிக்கு வருவாக என்றுதான் முதலில் விசாரிப்பார்.

என் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணன்தான் எங்கள் குழுவில் டிரம்ஸ். நான் ரிதம் கிடார், மூன்று நான்கு கார்டு பிடிக்கத் தெரியும். ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அண்ணன் மருந்துக் கலவை அறையில் இருந்தான். வெள்ளிப் பொடி என்கிற அலுமினியப் பவுடரையும் கந்தகத்தையும் வெடியுப்பையும் சேர்த்துச் சலிக்கிற வேலை. விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள். எல்லோரையும் அந்த அறைக்குள் விடமாட்டார்கள்; கை நிதானம் பார்த்துத்தான் எடுப்பார்கள். அதனால் கம்பெனியில் அவனுக்கு ஒரு மதிப்பு இருந்தது, சம்பளமும் மற்றவர்களைவிட மேல். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் பிரிண்டிங் டெக்னாலஜி. படிக்கவைத்தது அந்த அறைதான்.

பயிற்சி ஞாயிறு மத்தியானம் சிஸ்டர் வீட்டு ஹாலில் நடக்கும். ஒரு சமயம் ஹாலில் கட்டிலைத் திருப்பிப் போட்டதில், டிரம்ஸ் எக்கோப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதிலிருந்து எக்கோ சீக்கிரம் சீக்கிரமாக மங்கத் தொடங்கியது. முந்தின நாள் துடைத்த ஹெட், பயிற்சி பாதியிலேயே மறுபடி மூடிக்கொள்ளும். டேப்பை மாற்றினார், பஞ்சை மாற்றினார், ஸ்பிரிட் பாட்டிலை மாற்றினார். ஒரு ஞாயிறன்று துடைத்த பஞ்சை வெளிச்சத்தில் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். எப்போதும் பழுப்பாக வருவது, சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது.

சிஸ்டர் புதிதாக ஒரு பஞ்சை நனைத்தார். அண்ணன் பக்கம் போய், குழந்தைக்குத் துடைப்பதுபோல அவன் காதுக்குப் பின்னால் ஒரு இழுப்பு இழுத்தார். இரண்டு பஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். ஒரே நிறம்.

"குளிச்சிட்டுத்தான வந்தீக தம்பி?"

"ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் குளிச்சேன் சிஸ்டர். வெள்ளிப் பொடிதான, முடிக்குள்ள கெடக்கும். ஒண்ணும் ஆகாது."

"ஆகும்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "எப்பன்னு எனக்குத் தெரியாது. நெஞ்சுக்குள்ள மெதுவா ஆகலாம். இல்ல, அந்த ரூமுக்குள்ள ஒரு நிமிஷத்துல ஆகலாம். ரெண்டையும் வார்டுல பாத்துட்டேன். வேற எடத்துக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்க."

அண்ணன் குச்சிகளைக் கீழே வைத்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் கழுத்து நரம்பு தெரிந்தது.

"நீங்க மெஷினத் தொடைங்க சிஸ்டர். மனுசனத் தொடைக்காதீக."

அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில் எனக்கும் சிஸ்டர்மேல் கோபம்தான். இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருந்தது.

சிஸ்டர் அதோடு விடவில்லை. விடுமுறை நாளாகப் பார்த்து ஆமத்தூருக்குப் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் இல்லை. அண்ணியிடம் அந்தப் பஞ்சைக் காட்டி, "நான் சொன்னா அவருக்குக் கோவம் வருது. நீங்களாவது தெரிஞ்சு வச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னார். அண்ணி மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, கொண்டுவந்திருந்த ஸ்பிரிட் பாட்டிலையும் கொஞ்சம் பஞ்சையும் வைத்துவிட்டுப் போனார். ஏன் வைத்துவிட்டுப் போகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அண்ணிக்கு விளங்கியது. அண்ணனுக்கு அப்போது இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. வேலை முடிந்து வந்து மத்தியானம் படுத்தால் அவன் நெஞ்சுமேல்தான் அது தூங்கும். மறுநாள் குழந்தை தூங்கி எழுந்ததும் அண்ணி பஞ்சை நனைத்து அதன் கன்னத்து ஓரமாக, காது மடிப்பில் துடைத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு அண்ணனை எழுப்பி, அந்தப் பஞ்சை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

அந்த வாரமே அண்ணன் மருந்து அறையை விட்டான். வேறு பிரிவு கேட்டதற்கு, கலவைக்கு ஆள் இல்லாதபோது இவன் விலகுவதா என்று போர்மேனுக்குக் கோபம். கம்பெனியையே விட வேண்டியதாகிவிட்டது. பழைய லோடு ஆட்டோ ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்ட ஆரம்பித்தான். "மருந்து ரூம் ஆளு" என்று மரியாதையாகப் பார்த்தவர்கள், "ஏலே, சரக்க ஏத்து" என்றார்கள். நான் சாயங்காலங்களில் பிரஸ்ஸில் வேலை பார்த்துக்கொண்டு கடைசி வருஷத்தை முடித்தேன். வண்டி ஓட்டத்துக்கு நேரம் காலம் கிடையாது என்று சொல்லி அண்ணன் குழுவிலிருந்தும் நின்றுவிட்டான். நேரம் காரணமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். டிரம்ஸுக்குப் பள்ளி முடித்த ஒரு பையனைப் பாய் பிடித்துப்போட்டார்.

இந்தக் கதையில் அந்தக் கலவை அறை ஒரு நாள் வெடித்தது என்று சொன்னால் சிஸ்டர் சொன்னது சரி என்று ஆகிவிடும். அது வெடிக்கவில்லை. அண்ணன் இடத்துக்கு வந்தவர் நன்றாக இருந்தார். காரை வீடு கட்டிப் பால் காய்ச்சினார், எங்களையும் கூப்பிட்டார். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்த இரண்டொரு நாளில், சிவகாசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் டியூட்டி முடிந்து நின்ற சிஸ்டரிடம் அண்ணன் வண்டியை நிறுத்தினான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அவரு நல்லாத்தான் இருக்காரு சிஸ்டர். நானும் இருந்திருப்பேன்ல?"

சிஸ்டர் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"இருந்திருக்கலாம் தம்பி. எனக்குத் தெரியாது. தெரியும்னு அன்னைக்கும் நான் சொல்லல."

அண்ணனுக்கு வேண்டியிருந்தது ஒரு சண்டை. அது கிடைக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தால் நிறுத்துவதில்லை. பாப்பா மட்டும் எங்கே வெள்ளைச் சேலையைக் கண்டாலும் "பஞ்சு அத்தை" என்று கை காட்டும். சிஸ்டர் வீட்டுக்கு வந்து போன அன்றைக்கு அது தூங்கிக்கொண்டுதான் இருந்தது, அண்ணி சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

கணவர் ரிட்டயர் ஆனபின் சிஸ்டர் குடும்பத்தோடு மகள் ஊருக்குப் போய்விட்டார். அதற்கு முந்தின டிசம்பர் என்று நினைக்கிறேன். காலண்டர் சீசன். பிரஸ்ஸிலிருந்து காலண்டர் கட்டுகளை அண்ணன் வண்டியில் ஏற்றிக்கொண்டு விருதுநகருக்குப் போனோம். பொழுது சாய்கிற நேரம். ஒரு சர்ச் காம்பவுண்டுக்குள் பந்தல் போட்டு, சர்ச் பாட்டுக் குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டு நடந்துகொண்டிருந்தது. கிடார் சத்தம் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். அவன் தாண்டிப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். ஓரம் கட்டினான். என்ஜினை அணைக்கவில்லை.

ஒரு பாட்டு முழுக்கக் கேட்டான். அடுத்த பாட்டில் விரல் ஸ்டியரிங்கில் தட்டத் தொடங்கி, நின்று, மறுபடி தட்டி, மறுபடி நின்றது.

"எக்கோ பின்னால விழுதுலே" என்றான். "தாளத்துல வந்து உக்கார மாட்டேங்குது. மோட்டார் தளந்துபோச்சு போல."

எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. அவன் சொன்னபிறகு காது கொடுத்ததில், திரும்பி வரும் ஒவ்வொரு சுருதியும் டிரம்ஸ் அடிக்கு ஒரு மயிரிழை தாமதமாக வருவது கேட்டது. நாள்பட நாள்படக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருக்கும். தினமும் கூடவே இருக்கிற காது அதைப் பிடிக்காது.

"பக்கத்துல உக்காந்து அடிக்கிறானே அந்தப் பய, அவனுக்குமா தெரியல?"

"தெரிஞ்சிருக்கும். அவுககிட்ட யாரு போய்ச் சொல்லுவா?" என்றேன்.

அண்ணன் கியரைப் போட்டான். வண்டி இரண்டு வீடு தள்ளிப் போய் நின்றது. இறங்கினான். கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, தலையில் ஒட்டியிருந்த பேப்பர் தூசியைத் தட்டிக்கொண்டு, பாட்டு முடிந்த இடைவெளியில் கூட்டத்தைச் சுற்றி மேடைப் பக்கவாட்டுக்குப் போனான். நான் சுவருக்கு வெளியே நின்று பார்த்தேன். சிஸ்டர் ஸ்டூலிலிருந்து குனிந்து காதைக் கொடுத்தார். அவன் பேசியது கேட்கவில்லை. மேடைப் பலகையில் விரலால் தாளம் தட்டிக் காட்டினான். சிஸ்டர் ஒரு கையால் கம்பியைச் சுண்டி, மறு கையால் பெட்டியின் குமிழைத் திருகினார். இன்னும் என்பதுபோல அவன் விரலைச் சுழற்றினான். திருகினார். தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். சரி என்பதுபோலக் கை காட்டினான்.

திரும்பி வந்து வண்டியில் ஏறினான். என்ன சொன்னாக என்று கேட்டேன்.

"ரொம்ப நாளா இப்படித்தான் வாசிச்சிக்கிட்டு இருக்கேனான்னு கேட்டாக."

"நீ?"

"எனக்குத் தெரியாது சிஸ்டர், இன்னைக்குத்தான் கேட்டேன்னேன்."

உள்ளே அடுத்த பாட்டு தொடங்கியது. குடோன் அடைப்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று அண்ணன் அவசரமாக வண்டியை எடுத்தான். ஆனால் சர்ச் சுவர் முடிகிற வரைக்கும் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை.